வாங்கித் தின்ற சோறு, ஆக்கித் தின்ற சோறு

பண்டிகை நெருங்கினால் போதும், வெகுஜனப் பத்திரிகைகளுக்குப் பாட்டிமார்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. 'பாரம்பரியச் சமையல் சிறப்பிதழ்' ஒன்று வரும். அட்டையில் பித்தளைப் பானை, தலைவாழை இலை, நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், மெதுவடை. உள்ளே 'நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்' என்று ஒரு கட்டுரை. 'நம்' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் சூது இருக்கிறது. எங்க ஆயா உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்ட கறி எந்தக் காலத்திலும் அந்த அட்டைக்கு வராது. அப்படியென்றால் எங்க ஆயா யாருடைய முன்னோர்? அவர் கைப்பக்குவம் எந்தப் பாரம்பரியத்தில் சேர்த்தி?

பண்டிகையைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் பேசுவது அரசியல் இல்லை என்று நினைக்கிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று தலைக்கு மேல் பிரச்சினை கிடக்கும்போது இட்லி, வடை பற்றித் தலையங்கமா என்று கேட்கலாம். கேட்கட்டும். சாதி இந்த நாட்டில் முதலில் அடுப்பங்கரையில்தான் எழுதப்பட்டது. யார் கையால் யார் தின்னலாம், யார் பாத்திரத்தை யார் தொடலாம், செத்த மாட்டை யார் தூக்க வேண்டும் என்பதுதான் அதன் அரிச்சுவடி. சட்டப்புத்தகமெல்லாம் பிறகு வந்தது.

முதலில் இந்தப் 'பாரம்பரியம்' என்பதையே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். மிளகாய் இல்லாத தமிழ்க் குழம்பை யோசிக்க முடிகிறதா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே இறங்கியது. மிளகு போலக் காரமுள்ள காய் என்பதால் மிளகாய் என்று நம் சனங்கள் பேர் வைத்தார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்கு. இன்றும் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளிக்குள் தக்காளியும் உருளைக்கிழங்கும் நுழைவதில்லை. ஆக, எது பழசு எது புதுசு என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும். தீபாவளிப் பலகாரத்தில் மணத்த டால்டா 1937ல் கம்பெனிக்காரன் சந்தைக்குக் கொண்டுவந்த வனஸ்பதி. நானூறு ஐநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த காயும், தகர டப்பாவில் வந்த கொழுப்பும் பாரம்பரியம் ஆகலாம். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷமாக இந்த மண்ணில் தின்னப்பட்ட மாட்டுக்கறியும் நத்தையும் வயல் எலியும் ஆக முடியாது. பாரம்பரியம் என்பது பழசு என்பதல்ல. பழசிலிருந்து பொறுக்கி எடுப்பது. பொறுக்குகிற கை யாருடையது என்பதே கேள்வி.

தீபாவளியை எடுத்துக்கொள்வோம். கார்த்திகை விளக்கு சங்கப் பாட்டில் இருக்கிறது. தீபாவளி இல்லை. விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலத்தையொட்டித்தான் அது தமிழ் நிலத்தில் பரவியது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஓர் அசுரனைக் கொன்றதற்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாடுவது என்பதைப் பெரியார் கேள்வி கேட்டார். அவருக்கும் முன்னால் கேட்டவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அந்தச் சித்த மருத்துவர், பண்டிகைகளுக்கு வேறொரு விளக்கம் எழுதினார். தீபாவளி, எள்ளெண்ணெயின் பயனைப் பௌத்த சங்கத்தார் கண்டறிந்து மக்களுக்கு அறிவித்த நாள். கார்த்திகை தீபம், ஆமணக்கெண்ணெயைக் கண்டறிந்து விளக்கேற்றிய நாள். இதை வரலாறு என்று நிரூபிக்க முடியுமா என்று மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. பண்டிதர் வைத்த கேள்வியின் திசையைப் பாருங்கள். பண்டிகைக்குப் பின்னால் ஒரு கொலையைத் தேடாமல் ஒரு கண்டுபிடிப்பைத் தேடினார். சாமியைத் தேடாமல் செக்கைத் தேடினார். உழைப்பும் அறிவும் எங்கே இருந்தது என்று கேட்டார். 1999ல் ஞான. அலாய்சியஸ் பதிப்பில் அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளாக வந்த பிறகுதான் நம் தலைமுறைக்கு இந்தக் கேள்வியே கைக்குக் கிடைத்தது. நூறு வருஷம் நம் பாட்டனின் எழுத்து நமக்கே தெரியாமல் கிடந்திருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. தீபாவளிக்கு முந்தின பத்து நாள் நகைக்கடன் கவுன்டருக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்ப்பவன். கம்மல், மூக்குத்தி, ஒன்றரை கிராம் மோதிரம். அடகு வைக்க வருகிற பெண்கள் பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். "எதுக்கும்மா கடன்?" என்று படிவத்தில் நிரப்பக் கேட்டால், "விவசாயத்துக்குன்னு போட்டுக்க தம்பி" என்பார்கள். நிலம் இருக்காது. பிள்ளைகளுக்குத் துணி, சீட்டுக்கட்டு மாதிரி நாலு வெடி, ஒரு கிலோ இனிப்பு. அதே நேரத்தில் எங்களுக்குப் பண்டிகை முன்பணம் கணக்கில் ஏறியிருக்கும். ஒரே கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரு தீபாவளி, அந்தப் பக்கம் ஒரு தீபாவளி. பண்டிகை எல்லோருக்கும் பொது என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

அந்தக் கம்மல் காலத்துக்கு முன்னால் நிலைமை இன்னும் மோசம். அன்றைக்குச் சேரிச் சனங்களுக்குத் தீபாவளி என்பது ஊர்த்தெருவின் பின்வாசல். அலுமினியக் குண்டானோடு போய் நிற்க வேண்டும். நேற்றைய இட்லி, ஊசிப்போன வடை, பழைய வேட்டி. உயரத்திலிருந்து போடுவார்கள், பாத்திரம் பட்டுவிடக் கூடாதே. பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற தெருப் பெரியவரை பாமா 'கருக்கு' நாவலில் (1992) காட்டினார். படித்தவர்கள் மறக்க மாட்டோம். நெல்லுச்சோறே பண்டிகைச் சோறாக இருந்த காலம் அது. நாற்று நட்டவளும் கதிர் அறுத்தவனும் மற்ற நாளில் தின்றது கேழ்வரகுக் கூழ், கம்பங்களி, வரகு, சாமை. வயலில் பிடித்த நண்டு, நத்தை. வரப்பில் பறித்த பண்ணைக்கீரை. மழை பெய்தால் ஈசல், அதை வறுத்துப் பொரியோடு கலந்து தின்பது. பஞ்சம் வந்தால் அதுவும் இல்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், நாளெல்லாம் மண் வெட்டிய கூலியாளுக்கு வெள்ளைக்காரச் சர்க்கார் நிர்ணயித்த படி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். கஞ்சித்தொட்டி என்ற சொல் அந்தப் பசியிலிருந்துதான் நம் ஆயாமார் வாயில் தங்கியது.

பொங்கலுக்கு வருவோம். பொங்கலை நாம் சுலபமாக விட்டுக்கொடுத்துவிட முடியாது. அதில் புராணம் இல்லை, அசுரவதை இல்லை. உழைப்பின் திருநாள் என்கிறார்கள், சரி. யாருடைய உழைப்பு, யாருடைய நெல்? களத்துமேட்டில் நெல் அடித்து முடித்ததும் வெட்டியான், தோட்டி முதலான ஊர்த் தொழில்காரர்களுக்குக் கொடுத்த தானியப் பங்குக்குப் பழைய ஆவணங்களில் ஒரு பெயர் இருக்கிறது. 'சுதந்திரம்'. ஆமாம், அதே சொல்தான். மிராசுதாருக்கும் சுதந்திரம் உண்டு, வெட்டியானுக்கும் சுதந்திரம் உண்டு. அவருக்கு அது நிலத்தின் மேல் உள்ள உரிமை. இவனுக்கு அது தலைமுறை தலைமுறையாகச் செத்த மாடு தூக்கவும் சாவுச் சேதி சொல்லவும் பறையடிக்கவும் கட்டுப்பட்டுக் கிடப்பதற்கான இரண்டு மரக்கால் தானியம். அடிமைத்தனத்துக்குச் சுதந்திரம் என்று பேர் வைத்த தேசம் இது. 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால், குடியிருக்கிற மனையே சொந்தமில்லாதவன் புதுப்பானையில் பொங்கல் வைத்திருக்க எந்த வழியும் இல்லை என்பது விளங்கும்.

நெல்லின் கணக்கை நேர் செய்யச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு 1968 டிசம்பர் 25 சாட்சி. கீழவெண்மணியில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட குற்றத்துக்காக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். உலகம் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த இரவு. தஞ்சை நெல் தின்கிற ஒவ்வொருவர் தட்டிலும் அந்த இரவு இருக்கிறது. பொங்கல் பானையில் பால் பொங்கும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகிற தமிழ் உணர்வாளர்கள் வெண்மணியையும் ஒரு முறை சேர்த்துக் கூவிப் பார்க்கட்டுமே. 2008ல் தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011ல் அது ரத்தானது. புத்தாண்டு சித்திரையிலா தையிலா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எந்த மாதமானாலும் களத்து நெல்லில் நம் பங்கு என்ன என்பதுதான் நம் கேள்வி.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அது லட்சுமி. செத்த அடுத்த நிமிஷம் அது சேரிக்குச் சொந்தம். தெய்வம் செத்தால் தீட்டாகிற மாயத்தை எந்தச் சாஸ்திரம் விளக்கும்? பால் ஊருக்கு, தோல் செருப்பாகி ஊருக்கு, சாணி ஊருக்கு. செத்த உடலும் பழியும் மட்டும் நமக்கு.

ஆனால் மாட்டைத் தின்பது எப்போதும் இழிவாக இருந்ததில்லை. அகநானூற்றில் மழவர் ஆவைக் கொன்று தின்ற செய்தி இருக்கிறது. வேத கால யாகத்தில் மாடு வெட்டப்பட்டதையும், விருந்தாளிக்கு மாட்டுக்கறி போட்டதையும், 'கோக்னன்' என்ற சொல்லே விருந்தாளியைக் குறித்ததையும் பாபாசாகேப் அம்பேத்கர் 1948ல் தீண்டப்படாதவர்கள் பற்றி எழுதிய நூலில் ஆதாரத்தோடு அடுக்கினார். அந்த நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பார்ப்பனர்கள் மாட்டுக்கறியை விட்டார்கள், பசுவைப் புனிதமாக்கினார்கள். சிதறுண்ட மக்களாக இருந்த பௌத்தர்கள் தொடர்ந்து தின்றதால் தீண்டப்படாதவர்களாக்கப்பட்டார்கள். இது அவர் வைத்த கருதுகோள். 2001ல் டி.என். ஜா பசுவின் புனிதம் பற்றி எழுதிய நூலும் வேத கால மாட்டுக்கறியைப் பற்றிய சான்றுகளை விரிவாகவே தந்தது. அதற்குக் கிடைத்தது மறுப்பு அல்ல, மிரட்டல்.

இங்கேதான் நாம் நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதே அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, செத்த மாட்டுக்கறியை விடுங்கள், எச்சில் சோறு வாங்குவதை நிறுத்துங்கள் என்றும் நம் சனங்களிடம் சொன்னார். 2012 ஏப்ரலில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தினார்கள், அடி வாங்கினார்கள். 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதை எதிர்த்து அகமதாபாத்திலிருந்து நடந்து போனவர்கள் இனி செத்த மாட்டைத் தொட மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். ஒரு பக்கம் 'தின்போம்', இன்னொரு பக்கம் 'தொட மாட்டோம்'. எது விடுதலை? இளைய தோழர்கள் இதைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். மாட்டுக்கறியைப் பெருமையாகப் பேசுவது சாதி இழிவைப் பெருமையாக்குவது ஆகாதா என்று ஒருவர். விடுவது சமஸ்கிருதமயமாவது ஆகாதா என்று இன்னொருவர்.

நான் நினைப்பது இது. தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்து இதை அளக்க முடியாது. அந்தச் சோறு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வாங்கித் தின்ற சோறு ஒன்று, ஆக்கித் தின்ற சோறு ஒன்று. ஊர் தூக்கிப்போட்ட செத்த மாடு, பின்வாசல் இட்லி, பண்டிகைப் பிச்சை, களத்துமேட்டுச் சுதந்திரம் இவையெல்லாம் வாங்கித் தின்றவை. அவற்றை விடச் சொன்னார் பாபாசாகேப், ஊனாவில் விட்டார்கள். சந்தையில் காசு கொடுத்து வாங்கி, நம் அடுப்பில், நம் மிளகாயரைத்து நாம் ஆக்குவது வேறு. அதை மறைத்துத் தின்னச் சொன்னால் அது அடிமைத்தனம். எறிந்ததை மறுப்பதும் ஆக்கியதை மறைக்க மறுப்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு கை. பறைக்கும் இதுதான் நடந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று 1990களில் கிராமம் கிராமமாகக் கீழே வைத்தவர்கள், அதே பறையைத் தலித் கலைவிழா மேடைகளில் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டிலும் முரண்பாடு இல்லை.

மறைத்துத் தின்பது என்றால் என்ன என்று படித்த தலித்துகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது, "நேத்து ஞாயித்துக்கிழமை, வீட்ல என்ன குழம்பு?" என்று ஒரு கேள்வி வரும். அது குழம்பைப் பற்றிய கேள்வி இல்லை. "கறி" என்றால், "என்ன கறி?" என்று அடுத்தது. சாதிச் சான்றிதழைக் குழம்புக் கிண்ணத்தில் தேடுகிறார்கள். நான் "மாட்டுக்கறி சார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன். முதல் வாரம் இரண்டு நாற்காலி தள்ளிப் போனது. போகட்டும், காற்றோட்டமாக இருந்தது.

அரசாங்கமும் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி காலம்காலமாக விற்கிறது. ஆனால் திருவிழாவில் அதற்கு இடமில்லை. இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஆக்குகிற கையும் இன்றுவரை பிரச்சினையாகவே இருக்கிறது. 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. 2023ல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. கலெக்டர் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

உலகத்தில் அடிமைப்பட்டிருந்த மற்ற சனங்கள் தங்கள் சோற்றை என்ன செய்தார்கள்? யூதர்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்ததைப் பாஸ்கா விருந்தில் புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் தின்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்கக் கறுப்பர்கள், எஜமான் வேண்டாமென்று ஒதுக்கிய பன்றிக் குடலையும் காலையும் ருசியாக்கி அதற்கு 'ஆன்மாவின் உணவு' என்று பேர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஹெய்ட்டி. அங்கே பிரெஞ்சு முதலாளிகளுக்கு அடிமைகள் பூசணி சூப் காய்ச்சிக் கொடுத்தார்கள், அவர்கள் மட்டும் அதைக் குடிக்கக் கூடாது. 1804 ஜனவரி 1ல் சுதந்திரம் அறிவித்தார்கள். அந்தச் சூப் விடுதலையின் சூப் ஆனது. இன்றுவரை ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஹெய்ட்டியில் வீட்டுக்கு வீடு 'சூப் ஜூமு' காய்ச்சுகிறார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோவே அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பேரை எடுத்து 1972ல் தலித் பேந்தர்ஸ் பம்பாயில் எழுந்தது நமக்குத் தெரியும். கறுப்பின மக்களிடம் கற்றுக்கொள்ள இன்னும் பாக்கி இருக்கிறது.

நம்மிடமும் விதை இல்லாமல் இல்லை. 1956 அக்டோபர் 14, விஜயதசமி நாளில் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பாபாசாகேப் பௌத்தம் தழுவினார். பழைய பண்டிகை நாளையே எடுத்து அசோக விஜயதசமியாகத் திருப்பிப் போட்டார். பண்டிகை என்பது நாம் பிறக்கும்போதே தயாராகக் கிடந்த ஒன்றல்ல, மனிதர்கள் உண்டாக்குவது, மாற்றுவது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மராத்தியில் ஷாஹு படோளே 2015ல் மராத்வாடா தலித் சமையலை ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். தமிழில் ராஜ் கௌதமன் 1993லேயே 'தலித் பண்பாடு' என்று பேச்சைத் தொடங்கி வைத்தார். நம் அடுப்பங்கரைப் புத்தகம் இன்னும் முழுசாக எழுதப்படவில்லை.

எழுதும்போது சில எச்சரிக்கைகள். ஒன்று, குடலைக் கழுவியவர் யார், உப்புக்கண்டம் போட்டவர் யார், எல்லோரும் தின்ற பிறகு சட்டியை வழித்தவர் யார் என்பதை விட்டுவிட்டு 'எங்கள் வீர உணவு' என்று ஆண்கள் மேடையில் பேசினால் அதுவும் ஒரு மோசடி. இரண்டு, மாட்டுக்கறி தின்னாத தலித் சாதி தின்கிற தலித் சாதியைக் கீழாகப் பார்ப்பது நமக்குள்ளேயே இருக்கிறது. அதைத் துடைக்காமல் பார்ப்பனியத்தைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. மூன்று, பசியைப் புகழ வேண்டாம். 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததும் கேழ்வரகும் வரகும் சூப்பர் மார்க்கெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டன. 'பறப்பயல் சோறு' என்று ஏசியவன் வீட்டில் இன்று அது சர்க்கரை நோய்க்கு மருந்து. ஆனால் நம் சனங்கள் விரும்பிக் கூழ் குடிக்கவில்லை, நெல் மறுக்கப்பட்டதால் குடித்தார்கள். 2011லிருந்து ரேஷனில் இலவசமாக வருகிற அரிசியை யாராவது கேலி பேசினால் அவனிடம் சொல்லுங்கள். அந்த அரிசி வந்த பிறகுதான் எங்க ஆயா பின்வாசலுக்குப் போவதை நிறுத்தியது. "ரேஷன் அரிசி வந்ததும் எவனும் வேலைக்கு வரமாட்டேங்கிறான்" என்று ஊர்த்தெரு புலம்புவதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துப் போங்கள். ஆயாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள். சின்ன வயசில் தீபாவளிக்கு என்ன தின்றீர்கள்? யார் கொடுத்தது? எப்படிக் கொடுத்தார்கள்? முதன்முதலாக "இனி வாங்க மாட்டேன்" என்று சொன்னது யார், அன்றைக்கு என்ன நடந்தது? உப்புக்கண்டத்துக்கு எத்தனை நாள் வெயில், கறியோடு மொச்சையை எப்போது போடுவது, சுவரொட்டியை யாருக்குக் கொடுப்பார்கள்? சொல்கிறபடியே, அவர்கள் பாஷையிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். நம் இதழுக்கு அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கிப் போடுகிறோம். நமக்கு ஆவணக் காப்பகம் கிடையாது. நம் கிழவிகள்தான் காப்பகம். ஒவ்வொரு வருஷமும் சில அறைகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டிருக்கின்றன.